மலிவாக வரும் பழைய பண்ணை வீடு: தண்ணீர் போன வழியே போய்ப் பாருங்கள்

அடிமாட்டு விலைக்கு வரும் பழைய பண்ணை வீட்டில் முதலில் கண்ணில் படுவது அழுக்குத்தான். சிலந்தி வலை, உரிந்து தொங்கும் பூச்சு, பாதி சரிந்த கொட்டகை, முற்றம் முழுக்கப் புதர். விலை இறங்கியதற்கு இதுதான் காரணம் என்று வாங்க வருபவர் முடிவுகட்டிவிடுகிறார். அழுக்கை நாலு ஆள் வைத்து ஒரு வாரத்தில் அள்ளிவிடலாம். அந்த வீட்டின் உண்மையான விலையைச் சொல்வது தண்ணீர். கூரையில் விழுந்த மழை எந்த வழியாக இறங்கியது, சுவரடியில் எத்தனை நாள் நின்றது, எந்த மரத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது என்று கண்டுபிடித்துவிட்டால், பேரம் பேசலாமா, வந்த வழியே திரும்பலாமா என்பது தெரிந்துவிடும்.

வீடு பார்க்க இரண்டு முறையாவது போக வேண்டும். ஒரு முறை நல்ல வெயிலில். இன்னொரு முறை மழை பெய்துகொண்டிருக்கும்போதே, அல்லது மழை விட்ட இரண்டு மணி நேரத்துக்குள். கையில் பெரிய டார்ச், நீளமான திருப்புளி, சுத்தியல், தூக்குக்குண்டு, ரசமட்டம், 5 மீட்டர் டேப், பென்சில், ஏணி இவ்வளவு போதும். கேமராவில் எல்லா அறைகளின் நான்கு மூலைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும்போதுதான் பல கறைகள் தெரியும்.

கூரையிலிருந்து தொடங்குங்கள்

வீட்டிலிருந்து முப்பது நாற்பது அடி தள்ளி நின்று முகட்டைப் பாருங்கள். முகடு முழு நீளத்துக்கும் மெல்ல வளைந்து தொங்கினால், மரம் எப்போதோ பாரத்துக்குப் படிந்து நின்றுவிட்டது என்றுதான் பெரும்பாலும் பொருள். சுவர் வெளியே சாயவில்லை என்றால் அதை அப்படியே விட்டுவிடலாம். ஓர் இடத்தில் மட்டும் பள்ளம் விழுந்ததுபோல் இறங்கியிருந்தால், அதற்குக் கீழே ஒரு கைமரம், அதாவது ஓட்டைத் தாங்கும் சாய்ந்த மரம், முறிந்திருக்கிறது அல்லது மக்கியிருக்கிறது. பிறகு பகலில் உள்ளே போய்க் கதவு ஜன்னல்களை மூடிவிட்டு அண்ணாந்து பாருங்கள். வெளிச்சப் புள்ளி தெரியும் இடமெல்லாம் தண்ணீரும் வரலாம். ஓடு உடைந்த இடம் பெரிய விஷயமே இல்லை, மாற்றிவிடலாம். இரண்டு கூரைச் சரிவுகள் சந்திக்கும் பள்ளம், கூரையும் சுவரும் சேரும் ஓரம், புகைபோக்கியைச் சுற்றியுள்ள இடம் இவைதான் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் ஒழுகும்.

உத்திரத்தின் நடுவை எல்லோரும் தட்டிப் பார்ப்பார்கள். மரம் கெடுவது அங்கே இல்லை. உத்திரம் சுவருக்குள் நுழைகிற அந்த ஒரு சாண் நீளத்தில்தான் கெடும். சுவர் ஈரத்தை உறிஞ்சி மர நுனியில் வைத்திருக்கும், காற்று படாது. திருப்புளியை அந்த இடத்தில் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். நல்ல மரத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் போய் நின்றுவிடும். இழுத்தால் மரம் கவ்வும். கெட்ட மரத்தில் வெண்ணெயில் போவதுபோல் இரண்டு சென்டிமீட்டர் போகும், வெளியே எடுத்தால் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக நொறுங்கி வரும். சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் 'ணங்' என்று பேசும், மக்கியது 'தொப்' என்று அடங்கும். ஒரு உத்திரம் கெட்டிருந்தால் அதே சுவரில் இறங்கும் மற்ற எல்லா உத்திர நுனிகளையும் குத்திப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

நுனி மட்டும் கெட்ட உத்திரத்தை முழுதாகக் கழற்ற வேண்டியதில்லை. முதலில் முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டின் அடியில் அகலமான பலகை போடாவிட்டால் தரை உள்வாங்கும். கெட்ட பகுதியை நல்ல மரம் வரும்வரை அறுத்து எடுத்து, அதே வகை, நன்றாகக் காய்ந்த மரத்தில் ஒட்டுத்துண்டு வைத்து, இரண்டு பக்கமும் பலகை அல்லது எஃகுப் பட்டை சேர்த்து போல்ட் போட்டு முடுக்குவார்கள். ஒட்டின் நீளத்தையும் போல்ட் எண்ணிக்கையையும் பொறியாளர் கணக்குப் போட்டுத் தரட்டும். ஆனால் ஒன்றை நீங்களே நின்று கவனிக்க வேண்டும்: புதிய நுனியைச் சுவருக்குள் வைத்த பிறகு அதைச் சுற்றிச் சாந்து அடைக்கக் கூடாது. மூன்று பக்கமும் 15 முதல் 20 மி.மீ. இடைவெளி காற்றுக்கு விட வேண்டும். கொத்தனார் சுத்தமாக வேலை முடித்துவிட்டோம் என்று நினைத்து அதை அடைத்துவிட்டுப் போவார். சில ஆண்டுகளில் புதிய மரமும் பழைய மரத்தின் கதிக்கு வரும்.

மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. ஆகவே மருந்து அடிப்பதைவிட ஒழுகலை நிறுத்துவதுதான் வைத்தியம். பூச்சி விஷயம் வேறு. கரையான் மண்குழாய் தெரிந்தால், நடுவில் ஒரு விரல் நீளத்துக்கு உடைத்துவிட்டு, சில நாள் கழித்து வந்து பாருங்கள். அடைத்திருந்தால் கூட்டம் உயிரோடு இருக்கிறது. அடைக்காமல் காய்ந்து கிடந்தால் அந்தக் குழாய் பழையதாக இருக்கலாம். அப்போதும் பக்கத்தில் புதுக் குழாய் ஏறியிருக்கிறதா என்று தேடுங்கள். உளு வண்டு துளைகளுக்கும் இதே முறைதான்: துளைகளைத் துடைத்து, கீழே கறுப்புத் தாள் விரித்துவிட்டுப் போனால், வெளிர்நிறப் பொடி புதிதாக விழுகிறதா என்று இரண்டு மூன்று வாரத்தில் தெரியும். பழைய துளைகள் ஆயிரம் இருந்தாலும் மரம் திடமாக இருந்தால் அஞ்ச வேண்டாம்.

இனி, பலரும் தவறவிடும் இடம். கூரையின் இரண்டு சரிவுகளும் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதை இழுத்துப் பிடிப்பது குறுக்கே போகும் விட்டம். யாரோ ஒரு காலத்தில் தலை இடிக்கிறது என்று அந்த விட்டத்தை வெட்டியிருப்பார்கள். அதன் பிறகு சுவரின் உச்சி மெல்ல வெளியே சாயத் தொடங்கும். தூக்குக்குண்டை உச்சியிலிருந்து விட்டு, கீழே சுவருக்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். சாய்வு சுவரின் கனத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால், அதாவது 450 மி.மீ. சுவரில் 75 மி.மீ.க்கு மேல் போனால், கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சரிசெய்யும்போதும் வரிசை முக்கியம். முதலில் கூரைக்கு இழுவைக் கம்பியோ விட்டமோ போட்டுத் தள்ளுவதை நிறுத்த வேண்டும். சுவரை முதலில் நேராக்கிக் கட்டினால், கூரை அதையும் தள்ளும்.

ஓட்டை எடுத்துவிட்டுத் தகடு போட்டுவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் நிறைய. களிமண் ஓடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 40 கிலோவுக்குக் குறையாது. மெல்லிய உலோகத் தகடு அதில் ஆறில் ஒரு பங்குகூட இருக்காது. பாரம் குறைவது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்தப் பழைய கூரை தன் பாரத்தால்தான் காற்றில் பறக்காமல் உட்கார்ந்திருந்தது. கைமரங்கள் சுவரின் மேல் சும்மா படுத்திருக்கும், கட்டு இருக்காது. தகடு போட்டால் கைமரத்தைச் சுவரின் தலையில் படுத்திருக்கும் சுவர்க்கட்டையோடும், சுவர்க்கட்டையைச் சுவருக்குள்ளும் இரும்புப் பட்டையால் கட்டியே ஆக வேண்டும். மறுபக்கம், லேசான கூரையை எடுத்துவிட்டு கான்கிரீட் ஓடு போட்டால் கைமரம் வளையும். எதைப் போட்டாலும் எடையைப் பழையதோடு ஒப்பிட்டுவிட்டுப் போடுங்கள்.

கூரை அலையலையான சாம்பல் நிறச் சிமெண்ட் ஷீட்டாக இருந்தால், பழைய ஷீட் எதுவானாலும் ஆஸ்பெஸ்டாஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். துளைக்கக் கூடாது, உடைக்கக் கூடாது, பிரஷ் வைத்துத் தேய்க்கக் கூடாது. அகற்ற உரிமம் பெற்றவர்களின் கூலியை விலைப் பேச்சிலேயே கழித்துவிட வேண்டும். பழைய பெயிண்டும் இப்படித்தான். ஈயம் கலந்ததாக இருக்கலாம், காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டால் தூசி முழுக்க நுரையீரலுக்குப் போகும்.

சுவரடித் தண்ணீர்

100 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. மழை பெய்தால் 2,500 லிட்டர் தண்ணீர் விழுகிறது. கூரை விளிம்பில் மழைநீரைப் பிடிக்கும் பீலி இல்லாத வீட்டில் இத்தனையும் சுவரின் காலடியில்தான் கொட்டுகிறது. ஒரே மழையில். பீலி கட்டி, குழாய் இறக்கி, வீட்டை விட்டுக் குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி விடுவதுதான் பழைய வீட்டுக்குச் செய்யக்கூடிய மிக மலிவான, மிகப் பெரிய உபகாரம். மீட்டருக்கு 3 மி.மீ. சரிவு போதும். வாங்கிய முதல் வாரமே தற்காலிகப் பீலியாவது கட்டிவிடுங்கள். மற்ற வேலைக்கெல்லாம் அவகாசம் கிடைக்கும்.

அடுத்தது வெளித்தரை. பண்ணை வீடுகளில் சாணம், குப்பை, கட்டடச் சிதைவு என்று ஆண்டாண்டாகக் கொட்டிக் கொட்டி வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்துவிடும். உள்ளே சுவர் ஓதம் காத்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். வெளித்தரையை உள்தரைக்கு 150 முதல் 200 மி.மீ. கீழே இறக்கி, சுவரிலிருந்து வெளியே சரிவு கொடுங்கள். சரிவு கொடுக்க முடியாத இடத்தில் வடிகால் பள்ளம் வேண்டும்: 300 மி.மீ. அகலம், அடியில் 100 மி.மீ. துளைக்குழாய், 100க்கு 1 சரிவு, சுற்றிலும் 20 மி.மீ. ஜல்லி, மண் உள்ளே புகாதபடி முழுவதையும் வடிதுணியால் போர்த்த வேண்டும். இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. பழைய சுவர்களின் கடைக்கால் ஒன்றரை அடிகூட இருக்காது. சிலவற்றுக்குக் கடைக்காலே இல்லை, பெரிய கற்களை மண்ணில் அடுக்கி எழுப்பியிருப்பார்கள். ஜேசிபியை வரவழைத்துச் சுவரை ஒட்டி ஒரே நாளில் தோண்டினால் சுவர் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். முதலில் கையால் ஒரு சோதனைக் குழி தோண்டிக் கடைக்காலின் அடிமட்டத்தைப் பாருங்கள். பள்ளம் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, அந்த மட்டத்துக்கு மேலேயே நிற்கட்டும். பகுதி பகுதியாகத் தோண்டி மூடுங்கள்.

சுவர் ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கறையின் உயரமே சொல்லும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம்வரை ஒரே கோடாக வந்து, மேல் விளிம்பில் உப்புப் பூத்திருந்தால் கீழிருந்து ஏறுகிறது. மேலிருந்து அகலமாகத் தொடங்கிக் கீழே குறுகினால் கூரை. அலமாரிக்குப் பின்னால், மூலையில், கரும்புள்ளியாகப் பூஞ்சை இருந்தால் உள்ளிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் படிகிறது. சந்தேகம் இருந்தால் ஓரடிக்கு ஓரடி அலுமினியத் தாளை நான்கு விளிம்பும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டு எடுங்கள். அறைப் பக்கம் முத்துமுத்தாக நீர் இருந்தால் காற்றின் ஈரம். சுவர்ப் பக்கம் இருந்தால் சுவரின் ஈரம். இரண்டு முள் வைத்த ஈரமானியைக் காட்டி எண்ணைப் படித்துச் சொல்பவரை நம்பிவிடாதீர்கள். அந்தக் கருவி மரத்துக்காக அளவு பொருத்தப்பட்டது. உப்பேறிய காய்ந்த சுவரிலும் 'மிகுந்த ஈரம்' என்றே காட்டும். அந்த எண்ணை வைத்துத்தான் சுவரில் துளைபோட்டு ரசாயனம் ஏற்றும் வேலையை விற்கிறார்கள். வெளித்தரையை இறக்கி, பீலி கட்டி, ஒரு ஆண்டு பார்த்த பிறகும் ஈரம் ஏறினால் அதைப் பற்றி யோசிக்கலாம். அதற்குமுன் செய்வது பண விரயம் என்பதே என் தீர்மானம்.

சிமெண்டும் சுண்ணாம்பும்

போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது 1824இல். உலகத்துக் கிராமங்களுக்கு அது வந்து சேர இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன. அதற்கு முந்தைய சுவர் எதுவாக இருந்தாலும் சுண்ணாம்பிலோ மண்ணிலோதான் கட்டியிருப்பார்கள். அந்தச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலிலும் காற்றிலும் விட்டுவிடும். வாங்குவதும் விடுவதும் சரிக்குச் சரியாக இருந்ததால்தான் நின்றது. பிறகு யாரோ வந்து வெளியே அழுத்தமாகச் சிமெண்ட் பூசினார்கள். சிமெண்ட் விறைப்பானது, சுவர் அசையும்போது மயிரிழையாக வெடிக்கும். வெடிப்பில் மழை உள்ளே போகும், போன தண்ணீர் திரும்ப முடியாமல் உள்ளேயே தங்கும். சில ஆண்டுகளில் பூச்சுக்குப் பின்னால் செங்கல் மாவாகிவிடும். பழைய வீட்டில் புத்தம் புதிதாகச் சிமெண்ட் பூசி வெள்ளையடித்திருந்தால் மகிழ வேண்டாம். அதைத்தான் அதிகம் தட்டிப் பார்க்க வேண்டும்.

சுவரில் இருப்பது என்ன சாந்து என்று அறிய வினிகர் விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். பழைய சிமெண்டும் பொங்கும், ஆகவே அது உதவாது. சாவியால் கீறுங்கள்: சுண்ணாம்பு உதிரும், சிமெண்டில் கோடுதான் விழும். ஒரு கட்டியை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டால், மண் சாந்து சிறிது நேரத்தில் கரைந்து படியும். சுண்ணாம்பு அப்படியே கிடக்கும்.

சிமெண்ட் பூச்சை எடுக்கும்போது அவசரம் கூடாது. உள்ளீடற்றுத் தொம் தொம் என்று ஒலிக்கும் இடத்தில் தொடங்கி, உளியைச் சாய்த்துப் பிடித்து எடுங்கள். பூச்சோடு செங்கலின் முகமும் பிய்ந்து வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். அது தானாக நெகிழும்வரை காத்திருப்பது சுவருக்கு நல்லது. எடுத்த பிறகு சுவர் காய வேண்டும். மாதத்துக்கு 25 மி.மீ. கனம் என்பது பழைய கைக்கணக்கு. இரண்டு பக்கமும் திறந்த 450 மி.மீ. சுவருக்கு ஒன்பது மாதம். முகூர்த்தம் குறித்துவிட்டோம் என்று மூன்றாவது மாதமே பூசினால் உப்பெல்லாம் புதுப் பூச்சு வழியாகத்தான் வெளியே வரும்.

சாந்தின் அளவு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். ஏன் மூன்று என்பதை ஐந்து நிமிடத்தில் நேரிலேயே பார்க்கலாம். ஒரு லிட்டர் ஜாடி நிறையக் காய்ந்த மணலைத் தட்டி நிரப்பி, அளவுக் குவளையிலிருந்து மெல்லத் தண்ணீர் விட்டுக்கொண்டே வாருங்கள். மணல் மட்டத்துக்குத் தண்ணீர் வரும்போது ஏறத்தாழ 330 மில்லி போயிருக்கும். மணலுக்கு நடுவே இருக்கும் இடைவெளி அதுதான். அந்த இடைவெளியைச் சுண்ணாம்பு நிரப்ப வேண்டும். உங்கள் மணலுக்கு 400 மில்லி போனால் சுண்ணாம்பையும் அதற்கேற்பக் கூட்டுங்கள். மணல் கூர்மையாக, பொடியும் பருக்கையும் கலந்து இருக்க வேண்டும். எல்லாம் ஒரே அளவில் பொடியாக இருக்கும் மணலில் போட்ட சாந்து காயும்போது பாளம் பாளமாக வெடிக்கும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு.

சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது எப்போதும் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. குவித்த சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். முழுக்க மூடும் கண்ணாடி இல்லாமல் யாரும் கிட்டே நிற்கக் கூடாது. நீற்றியதைச் சலித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி மூடி மூன்று மாதமாவது ஊறவிட்டால் தயிர்போல் வழவழப்பாகும். மூட்டையில் வரும், தண்ணீரிலும் இறுகும் சுண்ணாம்பில் 2, 3.5, 5 என்று எண் போட்டிருக்கும். எண் கூடக் கூடக் கடினம். கல்லைவிடச் சாந்து மெத்தென்று இருக்க வேண்டும் என்பதால் பெரும்பாலான உள்சுவருக்கு 2, வெளிச்சுவருக்கு 3.5. அதிலும் சிமெண்ட் ஒரு கரண்டி கலந்தால் உறுதி என்று சொல்லும் கொத்தனாரிடம் அன்பாக, ஆனால் உறுதியாக மறுத்துவிடுங்கள்.

கல் இடுக்குகளில் சாந்து நிரப்பும் வேலை பார்க்க எளிது, கெடுப்பதும் எளிது. பழைய சாந்தை இடுக்கின் அகலத்துக்கு இரண்டு மடங்கு ஆழம், குறைந்தது 25 மி.மீ. வரை கைக்கொக்கியால் சுரண்டி எடுக்க வேண்டும். கிரைண்டர் வைத்தால் கல்லின் விளிம்பு போய்விடும். தூசியைத் துடைத்து, முந்தின நாள் மாலையும் அன்று காலையும் தண்ணீர் தெளியுங்கள். நனைக்காத கல் சாந்தின் ஈரத்தை உடனே குடித்துவிடும், சாந்து பொடியாகவே நின்றுவிடும். உள்ளிருந்து வெளியே அடுக்கடுக்காகத் திணித்து, பெருவிரலால் அழுத்தினால் பள்ளம் விழாத பதம் வரும்வரை, சில மணி நேரம் விட்டு, முரட்டு பிரஷால் தட்டி முகத்தைத் திறக்க வேண்டும். கரணையால் வழவழவென்று தேய்த்தால் சுண்ணாம்புப் பால் மேலே வந்து தோலாகப் படிந்து, உள்ளே காற்று போகாது. பிறகு ஈரச் சாக்கு, ஒரு வாரம். கொளுத்தும் வெயிலிலும் 5 டிகிரிக்குக் கீழே போகும் குளிரிலும் இந்த வேலையைத் தொடவே கூடாது. பூச்சு வேலையில் ஒரு கை 10 மி.மீ.க்கு மேல் வேண்டாம். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்று காத்திருந்து அடுத்த கை. மேலே சுண்ணாம்பு அடிப்பது பால்போல் நீர்த்து, நாலைந்து முறை. பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் இத்தனை பாடும் வீண்.

மண்சுவர் வீடாக இருந்தால், தரையோடு சேர்ந்த முதல் ஓரடியை மட்டும் கூர்ந்து பாருங்கள். அடியில் உப்பி, அதன் மேல் கிடைக்கோடாக வெடிப்பு இருந்தால் உள்ளே மண் சேறாகிக்கொண்டிருக்கிறது; அதன் அருகில் நின்று பேசாதீர்கள், முட்டுக் கொடுங்கள். ஒட்டுப்போடுவதற்கும் அதே மண்தான். கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. குலுக்கி வைத்தால் மணல் ஒரு நிமிடத்திலும், வண்டல் சில மணி நேரத்திலும், களி நாள்கணக்கிலும் படியும். அடுக்குகளைப் பழைய சுவர் மண்ணின் அடுக்குகளோடு ஒப்பிட்டு மணலோ களியோ சேர்த்துச் சமன்படுத்துங்கள்.

இரண்டு முகமாகக் கல் அடுக்கி நடுவில் பொடிக்கல் கொட்டிய கனத்த சுவர்களில் வயிறு தள்ளியிருக்கும். நடுவிலுள்ள மண் கரைந்து கீழே இறங்கி, முகங்கள் பிரிந்துவிட்டதன் அடையாளம் அது. இரண்டு முகத்தையும் கோக்கும் நீளக்கல்லோ துருப்பிடிக்காத கம்பியோ போட்டு, கீழிருந்து மேலாக மெல்லிய சுண்ணாம்புக் குழம்பை ஊற்றிக்கொண்டு வர வேண்டும். மேலிருந்து ஒரேயடியாக ஊற்றினால் அதன் பாரமே சுவரைப் பிளந்துவிடும்.

வெடிப்புகளின் அகலத்தைக் கண்டு மட்டும் பயப்படாதீர்கள். நகர்கிறதா என்பதே கேள்வி. வெடிப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பென்சில் கோடு போட்டு இடைவெளியையும் தேதியையும் சுவரிலேயே எழுதுங்கள். தூசி படிந்து, சிலந்தி கூடுகட்டி, விளிம்பு மழுங்கிய வெடிப்பு பழையது. விளிம்பு கூராக, உள்ளே நிறம் புதிதாக இருந்தால் இப்போது நடக்கிறது. 5 மி.மீ.வரை பெரும்பாலும் பூச்சுக்காரர் வேலை, 15 மி.மீ. தாண்டினால் பொறியாளர் வேலை. பக்கத்தில் பெரிய மரம் இருந்து, தரை களிமண்ணாகவும் இருந்தால், மரத்தை உடனே வெட்டிவிடாதீர்கள். மரம் குடித்துவந்த தண்ணீர் மண்ணிலேயே தங்க, களி உப்பி வீட்டைத் தூக்கும்.

தரையில் கான்கிரீட் கொட்ட எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்துக் கான்கிரீட் போட்டால், முன்பு தரை முழுக்க வெளியேறிய ஈரம் போக வழியில்லாமல் சுவரில் ஏறும். தரை போட்ட அடுத்த ஆண்டே சுவரில் ஓதம் வந்தது என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். சுண்ணாம்புக் கான்கிரீட், அதன் மேல் கல் அல்லது செங்கல் என்று போனால் தரையும் மூச்சு விடும். பலகைத் தரையானால், வெளிச்சுவரின் அடியில் இருக்கும் காற்றுத் துளைகளை மண் மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

கிணறு, கழிவு, மின்சாரம், வழி

கோடையின் கடைசியில், முதல் மழைக்கு முன் கிணற்றைச் சோதியுங்கள். கயிற்றில் கல் கட்டி நீர்மட்டத்தை அளந்துவிட்டு, மோட்டாரை நான்கு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். ஒவ்வொரு மணிக்கும் 20 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை வினாடி என்று எழுதுங்கள். ஒரு நிமிடமானால் மணிக்கு 1,200 லிட்டர். நிறுத்திய பின் மட்டம் எவ்வளவு நேரத்தில் பழைய இடத்துக்கு வருகிறது என்பதுதான் உண்மையான ஊற்று. தண்ணீரை ஆய்வகத்துக்குக் கொடுங்கள். பண்ணைக் கிணற்றில் நைட்ரேட்டைக் கட்டாயம் கேளுங்கள். உரமும் சாணமும் இறங்கும் இடம் அது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 50 மி.கி.; ஃபுளோரைடுக்கு 1.5 மி.கி.; ஆர்சனிக்குக்கு 0.01 மி.கி. மலத்திலிருந்து வரும் ஈ.கோலை கிருமி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும்.

செப்டிக் டேங்க் கிணற்றிலிருந்து 15 மீட்டராவது, கழிவு நீர் மண்ணில் பரவும் இடம் 30 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். ஊருக்கு ஊர் விதி இதைவிடக் கடுமையாகவும் இருக்கும். கழிப்பறையில் சாயம் கரைத்து ஊற்றி, ஓடையிலோ வாய்க்காலிலோ நிறம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் டேங்க் என்று ஒன்றே இல்லை, அல்லது இருந்தும் ஒழுகுகிறது.

துணி சுற்றிய, ரப்பர் உறை போட்ட ஒயர் கண்ணில் பட்டால் மின்வேலை முழுவதையும் புதிதாகவே கணக்கிடுங்கள். உறை பொரிந்துபோயிருக்கும், தொட்டாலே உதிரும். எர்த் கம்பியும் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுக் காப்பும் முதல் நாளிலிருந்தே வேண்டும், வேலையாட்கள் ஈரச் சுவரில் மெஷின் ஓட்டுவார்கள்.

பத்திரத்தைச் சரிபார்க்க வக்கீல் உண்டு. ஆனால் வழியை நீங்கள்தான் நடந்து பார்க்க வேண்டும். பொதுச் சாலையிலிருந்து வீடுவரை போகும் பாதையில் ஒரு சாண்கூட அடுத்தவர் நிலம் இருந்தால், நடந்துபோகும் உரிமை மட்டுமா, வண்டி போகலாமா, குழாயும் மின்கம்பியும் கொண்டுபோகலாமா என்று எழுத்தில் வேண்டும். காலங்காலமாகப் போகிறோம் என்ற வாய்வார்த்தை, நிலம் கைமாறிய அன்றே மாறும். மலிவாக வரும் பண்ணை வீடுகளில் பங்காளிகள் பலர் இருப்பதும் வாடிக்கை. ஒருவர் கையெழுத்து விடுபட்டாலும் வாங்காதீர்கள். பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா, வீட்டோடு சேர்ந்த நிலம் விவசாய வகைப்பாட்டிலா, கொட்டகையை அறையாக்க அனுமதி உண்டா என்பதையும் முன்பணத்துக்கு முன்பே கேளுங்கள்.

பணமும் வரிசையும்

வேலைக்கு ஒதுக்கிய தொகையில் நான்கில் ஒரு பங்கை எதற்கும் எழுதாமல் தனியே வையுங்கள். பூச்சை எடுக்கும் நாளில் அது தேவைப்படும். மீதிக்கு வரிசை இதுதான்: தற்காலிகப் பீலியும் வெளித்தரையும், முட்டு, கூரை, சுவர் வேலை, வடிகால், மின்சாரமும் குழாயும், தரை, கடைசியில் பூச்சும் வண்ணமும். சமையலறை அலமாரிகளை முதலில் வாங்குபவர்கள் அவற்றை ஈரச் சுவரில் பொருத்தி, பின்னால் கழற்றிவிட்டுச் சுவரை உடைக்கிறார்கள்.

கொட்டகை இடிந்து கிடந்தால் அதை விறகுக்கு விற்றுவிடாதீர்கள். வீட்டுக் கூரையைப் பிரித்து அடுக்கும்போது பத்தில் ஒரு ஓடாவது உடையும். அதே அச்சில் செய்த ஓடு வேறெங்கும் கிடைக்காமல் போகலாம், கொட்டகைக் கூரையில் கிடைக்கும். பழைய ஓட்டை எல்லாம் வாசல் பக்கச் சரிவுக்கு ஒதுக்கிவிட்டு, குறைந்ததற்குப் புது ஓடு வாங்கிப் பின்பக்கச் சரிவில் போடுங்கள். ஒரே சரிவில் இரண்டையும் கலந்தால், அளவு சிறிது மாறியிருந்தாலும் ஓடுகள் ஒன்றின் மேல் ஒன்று படியாமல் அந்த இடுக்கில் மறுபடியும் மழை இறங்கும்.